பெட்ரோல் டேங்க்: துருவும் கசடும் எடுக்கும் முறை

வண்டி ஒழுங்காகத்தான் கிளம்பும். நான்கைந்து கிலோமீட்டர் போனதும் இழுவை குறையும். ஆக்சிலேட்டரைத் திருகத் திருகத் திணறி நின்றுவிடும். ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஓடும். பழைய புல்லட்டோ ஆர்எக்ஸ் 100-ஓ வைத்திருப்பவர்கள் இந்த நிலையில் முதலில் பிளக்கை மாற்றுவார்கள், அப்புறம் காயிலை, அப்புறம் கார்ப்ரேட்டரைக் கழற்றுவார்கள். டேங்க் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கும் யோசனை கடைசியில்தான் வரும். அது முதலில் வந்திருந்தால் பாதிச் செலவு மிஞ்சியிருக்கும்.

நடப்பது இதுதான். டேங்க்கில் உதிர்ந்த துரு, பெட்ரோல் டேப்பின் தலையில் இருக்கும் சல்லடையில் படிந்து வழியை அடைக்கிறது. பெட்ரோல் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்குகிறது. மெதுவாகப் போகும்வரை அது போதும். வேகம் எடுத்தால் கார்ப்ரேட்டர் கிண்ணம் வற்றிவிடும். வண்டியை நிறுத்தினால் அந்தக் கிண்ணம் மெல்ல நிரம்பிக்கொள்ளும்.

ஆனால் இதே அறிகுறி மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்தாலும் வரும். ஆகவே வண்டி நின்ற அந்த இடத்திலேயே மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டி உடனே கிளம்பினால் கோளாறு மூடியில். அப்படி இல்லையென்றால், எஞ்சின் ஆறிய பிறகு கார்ப்ரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றி, ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு டேப்பைத் திறங்கள். தாரை முதலில் வேகமாக வந்து போகப் போக மெலிந்தால் சல்லடை அடைத்திருக்கிறது. பாட்டிலைப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் செங்கல் பொடிபோல ஒரு படலம் இருந்தால் துரு. பாட்டிலைச் சாய்க்கும்போது முத்து முத்தாக உருளும் துளிகள் தெரிந்தால் அது தண்ணீர். இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும்.

எங்கே பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது

தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. பெட்ரோலில் கரையாமல் நிற்பது எவ்வளவு சிறிய அளவானாலும் நேராக அடிக்குப் போய் உட்காரும். பைக் டேங்க்கோ வண்டியின் முதுகெலும்புக் குழாயின் இருபுறமும் தொங்கும் வடிவம். அதனால் இரண்டு தனித்தனிப் பள்ளங்கள் இருக்கின்றன. டேப் இடது பக்கம் இருக்கும் வண்டியில், வலது பள்ளத்தின் அடியில் கிடப்பது தானாக ஒருபோதும் வெளியே வராது. டேப்புக்குள்ளும் இரண்டு வழிகள்: 'ஆன்' நிலையில் உயரமான குழாய் வழியாகவும், 'ரிசர்வ்' நிலையில் அடிமட்டத் துளை வழியாகவும் பெட்ரோல் இறங்கும். ரிசர்வுக்கே போகாமல் ஓட்டுபவர்களின் டேங்க்கில் அடிமட்டத்து இரண்டு விரற்கடை வருடக்கணக்கில் கலையாமல் கிடக்கும். ஒருநாள் அவசரத்துக்கு ரிசர்வைத் திருப்பும்போது அத்தனையும் ஒரே மூச்சில் கார்ப்ரேட்டருக்குள் இறங்கும்.

மேற்பகுதியில் துரு பிடிக்கும் காரணம் வேறு. பாதி காலியான டேங்க்கில் பாதி காற்று. பகலில் சூடாகி விரியும் காற்று மூடியின் துளை வழியே வெளியேறும், இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்று உள்ளே வரும். ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊரில் அந்தக் காற்றோடு தண்ணீரும் வருகிறது. இரவில் உள்சுவரில் வியர்த்து வழிகிறது. மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைத்த வண்டியில் மேல்கூரை முழுக்கத் துருவும் அடிப்பகுதி ஓரளவு சுத்தமாகவும் இருப்பதை இதனால்தான் பார்க்கிறோம்.

மழைக்காலத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. மூடியைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும் வண்டிகளில், அங்கே தேங்கும் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளையும் அதிலிருந்து கீழே போகும் டியூபும் உண்டு. அந்தத் துளையில் மண் அடைத்தால் மழைத் தண்ணீர் அங்கேயே தேங்கி, காய்ந்துபோன ரப்பர் வாஷர் வழியாக உள்ளே கசியும். ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தி, தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் தண்ணீரை ஈர்த்துத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். கொஞ்சம் ஈரம்வரை இது நல்லதுதான், பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தனி அடுக்காக இறங்கும். அந்த அடுக்கு இரும்பை அரிக்கும். ஓடிக்கொண்டே இருக்கும் வண்டிக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. மூன்று மாதம் மூடிவைத்த வண்டிக்குப் பெரிய பிரச்சினை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எத்தனால் நல்ல கரைப்பான். பல வருடமாகச் சுவரில் ஒட்டியிருந்த பழைய பிசினை அது இளக்கிவிடுவதால், நேற்றுவரை ஓடிய பழைய வண்டிகூடத் திடீரென அடைத்துக்கொள்ளலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி தனி வகை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் டேங்க் மட்டம்வரை தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டியை வடிந்ததும் உதைத்துப் பார்க்கவே கூடாது. டேங்க், கார்ப்ரேட்டர், எஞ்சின் ஆயில் மூன்றையும் வடித்த பிறகுதான் மற்ற எல்லாம். டேங்க்கை இரண்டொரு நாளுக்குள் வடித்துக் காயவைத்தால் ஆசிட் தேவைப்படாமலே பிழைக்கும். ஒரு மாதம் விட்டால் இந்த அத்தியாயம் முழுவதும் தேவைப்படும்.

கழற்றுவதற்கு முன்

நிரம்பிய டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்தானது. திரவம் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. காற்றில் அந்த ஆவி ஒன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால்கூடத் தீப்பிடிக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு ஊர்ந்து அடுத்த அறையில் எரியும் விளக்குவரை போகும். வேலையைத் திறந்தவெளியில், வீட்டு அடுப்பிலிருந்தும் பூஜை விளக்கிலிருந்தும் தள்ளி, பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுங்கள். உள்ளே பார்க்க எல்இடி டார்ச் போதும், வயரில் தொங்கும் குண்டு பல்பு வேண்டாம். கண்ணில் கண்ணாடி, கையில் ரப்பர் உறை கட்டாயம்.

பழைய பெட்ரோலை வடிக்கும்போது வண்டியை இரண்டு பக்கமும் சாய்த்து இரண்டு பள்ளங்களையும் காலி செய்யுங்கள். அதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடி உள்ள கேனில் பிடித்து, உதிரிபாகம் கழுவ எடுத்துக்கொள்ளும் பட்டறைக்குக் கொடுத்துவிடலாம். டேப்பைக் கழற்றுங்கள். ஆர்எக்ஸ் போன்ற வண்டிகளில் இரண்டு சிறு போல்ட்டுகள், வேறு சிலவற்றில் ஒரே பெரிய நட்டு. பெட்ரோல் மீட்டருக்கான மிதவை இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். எஃப்ஐ வண்டி என்றால் டேங்க்குக்குள்ளேயே பம்ப் இருக்கிறது. பம்ப், அதன் சல்லடை, ரப்பர் வளையம் எல்லாம் வெளியே வராமல் ஒரு சொட்டு ஆசிட்கூட உள்ளே போகக்கூடாது. அந்தப் பம்ப்பின் விலை தெரிந்தவர்களுக்கு இதை இரண்டாவது முறை சொல்ல வேண்டியதில்லை.

கழற்றிய டேங்க்கை நிதானமாகப் பாருங்கள். மஞ்சள் தூள்போல் மேலோட்டமான துருவுக்குப் பாதி வேலைதான். செதில் செதிலாக உரியும் துரு என்றால் முழு வேலை. வெளியே அடித்தையல் ஓரமாகப் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறதா, பெட்ரோல் காய்ந்த பழுப்புக் கறை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கறை இருக்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தும்போது தகடு அமுங்கினால், அங்கே இரும்புக்குப் பதில் துருதான் பெட்ரோலைத் தடுத்து நிற்கிறது. துருவை எடுத்தால் ஓட்டை தெரியும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

முதலில் பிசின், பிறகுதான் துரு

பலர் தவறவிடும் படி இது. நாள்பட்ட பெட்ரோல் காற்றோடு சேர்ந்து கெட்டிப்பட்டு, அரக்குபோல் பழுப்பு நிறத்தில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மூடியைத் திறந்ததும் பெயிண்ட் கடை வாடையும் புளித்த வாடையும் கலந்து வந்தால் அதுதான். இந்தப் படலத்துக்கு அடியில் இருக்கும் துருவை எந்த ஆசிட்டும் தொடாது.

அரை லிட்டர் தின்னர் அல்லது அசிட்டோன் ஊற்றி, வாய்களை அடைத்து, டேங்க்கை எல்லாப் பக்கமும் புரட்டிப் புரட்டி அரை மணி நேரம் ஊறவையுங்கள். வடிப்பது தேநீர் நிறத்தில் வரும். நிறம் வெளுக்கும்வரை திரும்பச் செய்யுங்கள். தின்னர் பெயிண்டைத் தின்றுவிடும், ஆகவே வாயைச் சுற்றி வாசலின் தடவி, டேங்க்கின் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஒட்டிவிடுங்கள். அப்புறம் கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான வெந்நீரில் சலவைச் சோடாவும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து ஊற்றிக் குலுக்குங்கள். உள்ளே விரல் விட்டுத் தேய்த்தால் வழுக்கல் இல்லாமல் சொரசொரவென்று இருக்க வேண்டும்.

செதில் துரு இருந்தால் இந்தச் சோப்புத் தண்ணீரிலேயே தேய்க்கும் வேலையையும் முடித்துவிடலாம். பட்டறைகளில் ஜல்லியோ ஒரு பிடி நட்டு போல்ட்டோ போட்டுக் குலுக்குவார்கள். வேலை செய்யும்தான், ஆனால் உள்தடுப்புக்குப் பின்னால் சிக்கிய ஒரு நட்டை எடுக்க ஒரு நாள் போய்விடும். ஒரு மீட்டர் நீளத்தில் மெல்லிய இரும்புச் சங்கிலியை எடுத்து, ஒரு நுனியில் கம்பி கட்டி அந்தக் கம்பியை வாய்க்கு வெளியே விட்டுவிடுவது என் பரிந்துரை. டேங்க்கைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்து, ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்துச் சங்கிலியை உருட்டுங்கள். வேலை முடிந்ததும் கம்பியைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும்.

எந்த ஆசிட்

கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றுவதுதான் நம் ஊர்ப் பட்டறைகளின் வழக்கம். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். அரை மணி நேரத்தில் டேங்க் வெள்ளிபோல் பளபளக்கும். அந்தப் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். துரு கரைந்து முடிந்ததும் அது நிற்பதில்லை, நல்ல இரும்பையும் கரைக்கத் தொடங்கும். அதைவிடக் கெடுதல், எவ்வளவு கழுவினாலும் தையல் இடுக்கில் குளோரைடு தங்கிவிடும். கடல் உப்பு இரும்பை அரிப்பதும் இதே குளோரைடால்தான். பளபளத்த டேங்க் ஒரே வாரத்தில் முன்னைவிட மோசமாகத் துருப்பிடித்து நிற்பதற்கு இதுவே காரணம். இன்று புதிதாகக் கிடைக்காத ஆர்எக்ஸ் டேங்க் எத்தனையோ இந்த ஒரு பாட்டிலால் வீணாகியிருக்கின்றன. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

சிட்ரிக் ஆசிட் போதும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கிடைக்கும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும்போது நடப்பதுதான் இங்கும் நடக்கிறது: புளியில் இருக்கும் மென்மையான அமிலம் களிம்பைப் பிடித்துக் கரைப்பதுபோல, சிட்ரிக் ஆசிட் துருவில் இருக்கும் இரும்பைத் தன்னோடு பிணைத்துத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்கிறது. நல்ல உலோகத்தை மெதுவாகத்தான் தொடும். லிட்டருக்கு 80 முதல் 100 கிராம். 13 லிட்டர் புல்லட் டேங்க்குக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ.

டேப் இருந்த துளையை அடைக்க, சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி வைத்து அதன்மேல் சின்னத் தகடு வைத்து அதே போல்ட்டுகளால் முறுக்குங்கள். 50, 60 டிகிரி சூட்டில் இருக்கும் தண்ணீரில் ஆசிட்டைக் கரைத்து, கழுத்துவரை நிரப்புங்கள். நிரம்பவில்லையென்றால் மேல்கூரைத் துரு அப்படியே இருக்கும். மூடியை இறுக்க வேண்டாம், ஹைட்ரஜன் குமிழ்கள் வெளியேற வழி வேண்டும். லேசான துருவுக்கு ஆறேழு மணி நேரம், கடுமையானதற்கு ஒரு நாள். நடுவில் இரண்டு மூன்று முறை உள்ளே பாருங்கள். கரைசல் முதலில் மஞ்சளாகி, பிறகு பச்சையும் பழுப்புமாகக் கறுக்கும். சுவர் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டால் போதும், இன்னும் வெளுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். துரு மிஞ்சியிருந்தும் கரைசல் மந்தமாகிவிட்டால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவதே நல்லது.

வினிகரும் வேலை செய்யும், ஆனால் ஐந்து சதவீத அமிலமே இருப்பதால் பல நாள் ஆகும், செலவும் கூடும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துருநீக்கி நல்ல மாற்று. இரும்பின்மேல் ஒரு பாஸ்பேட் படலத்தையும் விட்டுச் செல்லும். கோலா பானத்தை ஊற்றுவது வீண்: அமிலம் மிகக் குறைவு, சர்க்கரைதான் அதிகம். பேட்டரி சார்ஜரையும் சலவைச் சோடாவையும் வைத்து மின்சாரத்தால் துரு எடுப்பவர்கள் உண்டு. டேங்க்கை மைனஸில் கொடுத்து, உள்ளே தொடாமல் தொங்கும் இரும்புக் கம்பியைப் பிளஸ்ஸில் கொடுப்பார்கள். தெரிந்தவர் கையில் அருமையான முறை. ஆனால் பெட்ரோல் வாடை இருந்த மூடிய பாத்திரத்துக்குள் ஹைட்ரஜனும் தீப்பொறியும் சந்திக்க வாய்ப்புள்ள வேலையை முதல்முறை செய்பவருக்கு நான் சொல்லமாட்டேன். எவர்சில்வர் கம்பியை அதில் பயன்படுத்தவே கூடாது, நச்சான குரோமியம் கரைந்து வரும்.

கொட்டிய பிறகு ஒரு மணி நேரம்

டேங்க் பிழைப்பதும் கெடுவதும் இந்த ஒரு மணி நேரத்தில்தான் முடிவாகிறது. ஆசிட்டில் இருந்து வந்த இரும்பு முழுக்கப் பச்சையாக, காப்பே இல்லாமல் இருக்கிறது. ஈரத்தோடு காற்றுப் பட்டால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆரஞ்சு நிறம் படரும். ஆகவே கரைசலைக் கொட்டுவதற்கு முன்பே அடுத்தடுத்துத் தேவையான எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்க வேண்டும். போன் வந்தாலும் எடுக்காதீர்கள்.

கொட்டியதும் ஒரு முறை நல்ல தண்ணீர். உடனே லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றிக் குலுக்கி, பத்து நிமிடம் விட்டுக் கொட்டுங்கள். தையல் இடுக்கில் நிற்கும் அமிலம் இதில்தான் முறியும். கடைசிக் கழுவல் நல்ல சூடான வெந்நீரில். தகடே சூடாகிவிடுவதால் கொட்டியதும் ஈரம் தானாக ஆவியாகும், கழுவலில் இதுதான் முக்கியம். பிறகு காற்று. பஞ்சர் கடை கம்ப்ரசரில் அடிக்கலாம், ஆனால் அந்தக் கம்ப்ரசரின் அடியில் தேங்கிய தண்ணீரை முதலில் வடித்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் காய்வதற்குப் பதில் தூறல்தான் உள்ளே போகும். தலைமுடி உலர்த்தும் டிரையரும் உதவும், ஆனால் தின்னர் வாடையோ பெட்ரோல் வாடையோ துளியும் மிச்சமில்லை என்று உறுதியான பிறகு மட்டும். அதற்குள் பழுத்த கம்பி இருக்கிறது.

முழுக்கக் காய்ந்ததும், தகடு இளஞ்சூடாக இருக்கும்போதே, அரை லிட்டர் பெட்ரோலில் 100 மில்லி 2டி ஆயில் கலந்து ஊற்றி, மேல்கூரை உட்பட எல்லாப் பக்கமும் நனையும்படி புரட்டுங்கள். டிரையர், விளக்கு எல்லாம் அணைத்துத் தள்ளி வைத்த பிறகே பெட்ரோல் கேனைத் திறக்க வேண்டும். இந்த எண்ணெய்ப் படலம்தான் இனி காப்பு. நான்கு ஸ்ட்ரோக் வண்டியானாலும் இந்தச் சிறிய அளவு எரிந்துபோகும், கெடுதல் இல்லை.

கொட்டிய சிட்ரிக் கரைசலின்மேல் பெட்ரோல் படலம் மிதந்தால் பழைய துணியால் ஒற்றி எடுத்து, சோடா போட்டு நுரை அடங்கும்வரை முறித்து, நிறையத் தண்ணீர் கலந்த பிறகே விடுங்கள். செடி கொடி பக்கம் வேண்டாம்.

ஓட்டை தெரிந்தால்

ஊசி முனை அளவில் ஒன்றிரண்டு கசிவு என்றால் ஈயம் வைத்தோ பித்தளை வைத்தோ பற்றவைக்கலாம். அதை டேங்க் வேலையே செய்யும் ஆளிடம் கொடுங்கள். பலமுறை கழுவிய பிறகும் தையலுக்குள் பெட்ரோல் ஆவி மிஞ்சியிருக்கும் என்று தெரிந்தவர், முடிந்தவரை தண்ணீர் நிரப்பி, ஓட்டை உள்ள பக்கத்தை மட்டும் மேலே வைத்துத்தான் நெருப்பைக் கொண்டுவருவார். தண்ணீர் நிரப்பாமல் நெருப்பை எடுப்பவரிடமிருந்து டேங்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். எம்-சீல் வழியில் வீடுவரை வந்து சேர உதவும், அதற்குமேல் நம்ப வேண்டாம்.

உள்ளே பூசும் எபாக்ஸி லைனிங் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தகடு நன்றாக இருந்தால் பூச வேண்டாம் என்பதே என் கருத்து. துருவோ எண்ணெயோ மிச்சமிருக்கும் சுவரில் பூசினால் இரண்டு வருடத்தில் தோலாக உரிந்து டேப்பை அடைக்கும், அந்தத் தோலை எடுப்பது துருவை எடுப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம். தகடு மெலிந்து வேறு டேங்க்கும் கிடைக்காதபோது பூசலாம். அப்போது எத்தனாலைத் தாங்கும் என்று டப்பாவிலேயே எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள், பழைய பாலியெஸ்டர் வகைகள் இன்றைய பெட்ரோலில் இளகிவிடும். எண்ணெய் பூசுவதற்கு முன்பே இந்த முடிவை எடுக்க வேண்டும்.

மாட்டிய பிறகு

டேப்பின் சல்லடையைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள், கிழிந்திருந்தால் மாற்றுங்கள். டேப் கேஸ்கெட், மூடி வாஷர், பெட்ரோல் டியூப் மூன்றும் புதிதாக இருக்கட்டும். டேப்புக்கும் கார்ப்ரேட்டருக்கும் நடுவில் உள்ளே தெரியும் ஃபில்டர் ஒன்று போடுங்கள். பம்ப் இல்லாத வண்டியில் பெட்ரோல் தன் எடையால்தான் இறங்குகிறது, ஆகவே டியூப் எங்கும் மேலே ஏறாமல் ஒரே சரிவாக வர வேண்டும். கார்ப்ரேட்டர் கிண்ணத்தையும் கழற்றிக் கழுவி, பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஊதிப் பாருங்கள். ஊசி நுனியைவிடச் சின்ன அந்தத் துளையில் ஒரு துரு மணி நின்றாலே ஐடிலிங் நிற்காது. மிதவை ஊசியின் இருக்கையில் நின்றால் பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும்.

முதலில் இரண்டு லிட்டர் மட்டும் ஊற்றி, டேங்க்கின் அடித்தையலைச் சுற்றி உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு இரவு காகிதத்தின்மேல் வண்டியை நிறுத்துங்கள். காலையில் காகிதம் சுத்தமாக இருந்தால் முழுக்க நிரப்பலாம். முதல் 100 கிலோமீட்டரில் ஃபில்டருக்குள் கொஞ்சம் கறுப்புத் தூள் சேரும், அது சகஜம். அந்த ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். புதியதிலும் செம்மண் நிறம் சேர்ந்தால் டேங்க்குக்குள் இன்னும் துரு இருக்கிறது என்று அர்த்தம்: டேங்க்கை மறுபடி இறக்க வேண்டும்.